அம்மையின் கன்னிமையும் முளைக்கட்டு விழாவும்

திண்டுக்கல்லினின்றும் பழனிக்குச் செல்லும் பெருவழியிலுள்ள ரெட்டியார்சத்திரத்தைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில் அம்மன் திருவிழாவிற்கு அழகு செய்வது முளைப்பாரி. மகளிர் நோன்பிருந்து, எருவும் மண்ணும் இட்ட ஓடுகளில் நவதானியம் விதைத்து, வெயில் புகாத அறையில் நீர் தெளித்து வளர்ப்பர். முளைகள் ஓங்கியபின் தலைமேற் சுமந்து சென்று, கும்மி கொட்டி, நீர்நிலையிற் சேர்ப்பர். மழையும் விளைவும் மகப்பேறும் வேண்டிச் செய்யப்படுவது இது.

இக்கருத்தே பெருங்கோயில்களில் ஆடிப்பூர விழாவாகத் திகழ்கின்றது. நாகையில் நீலாயதாட்சியம்மை பூப்பெய்திய கோலத்தினளாகப் போற்றப்படுகின்றாள். திருநெல்வேலியில் காந்திமதியம்மைக்கு இப்பெருவிழாவின் 4-ஆம் நாள் வளைகாப்பும், 10-ஆம் நாள் முளைக்கட்டும் நிகழ்கின்றன. முளைக்கட்டாவது, முளைத்த பயறுகளை அம்மையின் திருவயிற்றிற் கட்டிச் சூற்கோலம் செய்தல். அப்பயறு பின்னர் மகப்பேறு வேண்டும் மகளிர்க்குப் பிரசாதமாக வழங்கப்படும். அசாம் நாட்டில் காமாக்கியா தேவி கோயில், அம்புபாச்சி விழாவில் 3 நாள் திருக்காப்பிடப்பெற்றுப் பின் திறக்கப்படுவதும் இவ்வினத்ததே.

இவ்விழாவைக் குறை கூறுவார் இருதிறத்தார். பிறப்பிறப்பில்லாத பராசத்திக்குப் பூப்பும் சூலும் கூறுதல் சித்தாந்தத்திற்கு முரண் என்பார் ஒருசாரார். உழவர் தம் விளைவு கருதிச் செய்த பழஞ்சடங்கே இது, சமயப்பொருள் இதற்கில்லை என்பார் மற்றொருசாரார்.

முன்னையோர் கூற்றை முதற்கண் ஆராய்வாம் எனின், அது பொருந்தாது. என்னை? சிவமும் சத்தியும் கூடி உலகும் உயிருமாகிய அனைத்தையும் தோற்றுவித்தும், அப்பன் பிரமசாரியாகவும் அம்மை கன்னியாகவும் நிற்கும் உண்மையை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்திலே விளக்கியருளினார். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், சிவம் நிமித்தகாரணமும் ஆம். ஆகலின் அம்மை உலகமாய்த் திரிபவள் அல்லள். திரிபின்றி நின்றே தாயாயினாள்.

இவ்வுண்மையை முளைக்கட்டு கண்முன் காட்டுகின்றது. பயறு திருவயிற்றின் புறத்தே கட்டப்படுகின்றது. கட்டியது அவிழ்த்து அடியார்க்கே கொடுக்கப்படுகின்றது. அம்மை தன்பொருட்டு ஒன்றும் சுமந்திலள். இல்லாதார் பொருட்டே சுமந்தாள். இறைவன் கொள்ளும் வடிவெல்லாம் வினையான் வருவன அல்ல, உயிர்கள்மேல் வைத்த கருணையான் வருவன என்னும் சித்தாந்தமே ஈண்டும் அமைந்தது. எனவே சூற்கோலமும் அருட்கோலமேயாம். அன்றியும், ஆகமவிதிப்படி திருவிழாத் தொடக்கத்திற் பாலிகைகளில் வித்திட்டு அங்குரார்ப்பணம் செய்வதை உடன்படுவார், சிற்றூர் மகளிரின் முளைப்பாரியைப் பாமரர் செயலென இகழ்தல் யாங்ஙனம்?

இனிப் பின்னையோர் கூற்று. உழவர் வேண்டுதலினின்று இவ்வழக்குப் பிறந்திருத்தல் கூடும். அதனை மறுத்தல் வேண்டா. தாமரை சேற்றிற் பிறந்தமை அறிந்தார், அதன் மணத்தை இல்லையென்னார். ஒரு வழக்கின் தோற்றம் வேறு, அது தாங்கி நிற்கும் கருத்து வேறு. தோற்றத்தை மட்டும் கண்டு ஒழிவது அரைகுறை ஆராய்ச்சியேயாம்.

எனினும் இவ்விழாவிற்கு உண்மையான குறை ஒன்று உண்டு. அஃது அம்மையிடத்ததன்று, கொண்டாடுவாரிடத்தது. வளைகாப்பு வளையலும் முளைச்சட்டியும் சுமங்கலியர்க்கும் மகவுடையார்க்குமே உரியவெனக் கூறிக் கைம்பெண்டிரையும் மகவில்லாரையும் ஒதுக்கும் வழக்கம் சிலவிடத்து உளது. இல்லாதார் பொருட்டுச் சூற்கோலம் கொண்டவளின் முன்னிலையில் இல்லாதாரையே விலக்குதல், விழாவின் உயிரைப் போக்கி உடலைப் போற்றுதலை ஒக்கும்.

காரைக்காலிற் பிறந்த புனிதவதியார் கணவனாற் கைவிடப்பட்டார். அவர் மகவு பெற்றதாகச் சேக்கிழார் கூறிற்றிலர். அவரையே கயிலைப் பெருமான் அம்மையென்று விளித்தருளினான். அத்திருவாயால் தாய்மை பெற்றவரை எந்தச் சடங்கு விலக்கவல்லது? ரெட்டியார்சத்திரத்துச் சிற்றூரிலாயினும் நெல்லைப் பெருங்கோயிலிலாயினும், வரும் ஆடிப்பூரத்தில் முதல் வளையல் ஒதுங்கி நிற்பவள் கையில் ஏறுமாயின், அதுவே அம்மை உவக்கும் பூசையாம்.

திருச்சிற்றம்பலம்.