கொச்சியில் பிரித்த கணக்கு

மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு தேவாலயத்தின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும். 1653 ஜனவரி 3 அன்று, இயேசு சபைக் குருக்களுக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சுரியானிக் கிறிஸ்தவர்கள் இங்கே சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட எல்லோருக்கும் இடம் போதவில்லை. அதில் கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி சொன்னார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 183 ஆண்டு கழித்து, அதே சமூகத்தின் ஒரு பகுதி இன்னொரு ஊழியக் கூட்டத்தை வெளியே அனுப்பியது. இம்முறை வந்தவர்கள் உதவ வந்தவர்கள். ஆகவே இந்தப் பிரிவுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

'உதவி மிஷன்' என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) அனுப்பிய தாமஸ் நார்ட்டன் 1816இல் வந்து ஆலப்புழையில் தங்கினார். பெஞ்சமின் பெய்லி, ஜோசப் ஃபென், ஹென்றி பேக்கர் மூவரும் கோட்டயத்தில் அச்சு, கல்லூரி, பள்ளிக்கூடங்கள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பழைய வீட்டை இடிப்பதில்லை, செப்பனிடுவது மட்டுமே என்பது ஏற்பாடு. பெய்லிக்குச் சென்னையிலிருந்து வந்த அச்செழுத்துகள் திருப்தி தரவில்லை. உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு தானே புதிதாக வார்த்தார். 1829இல் மலையாளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது, 1846இல் அகராதி. மலையாளிகள் இன்று அச்சில் காணும் எழுத்தின் வட்டவடிவத்துக்கு அந்தக் கைகள் காரணம். இந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஊழியத்தை அதன் கடைசி நாட்களில்தான் எடை போட முடியும் என்று நினைக்கிறேன். வந்த புதிதில் எல்லோரும் விருந்தாளிகள். கிளம்பும்போதுதான் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று தெரியவரும்.

1835 இறுதியில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கோட்டயம் வந்து ஆறு யோசனைகள் வைத்தார். ஊர்தோறும் பள்ளிக்கூடம், நற்செய்தி விளக்கம், தாய்மொழியில் வழிபாடு: இவற்றில் யாரும் குறை காண முடியாது. ஆனால் கூடவே, மிஷனரிகள் சான்று தந்தவர்களுக்கே குருப்பட்டம், தேவாலயச் சொத்துக் கணக்கு ஆங்கில ஆட்சியின் பிரதிநிதியான ரெசிடென்டின் பார்வைக்கு என்பவையும் இருந்தன. 1836 ஜனவரி 16 அன்று மாவேலிக்கரையில் செப்பாட்டு மார் திவன்னாசியோஸ் தலைமையில் சபை கூடி, தன் வழக்கத்தை விட்டு நகர மாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்டது. இருபதாண்டு உறவு அறுந்தது. மிச்சம் சொத்துத் தகராறு. அதற்கு 1840இல் கொச்சியில் நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: கோட்டயத்துப் பழைய செமினாரி சுரியானியருக்கு, மன்றோ தீவு நிலம் மிஷனுக்கு.

பழமைக்குள் ஒடுங்கிக்கொண்ட சபை நல்ல சீர்திருத்தத்தைத் தள்ளிவிட்டது என்று மிஷன் பக்கம் பேசுவோர் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. மாராமண் ஆபிரகாம் மல்பான் ஏறக்குறைய அதே மாற்றங்களைச் சபைக்குள் இருந்தபடியே தொடங்கினார். எதிர்ப்பு இருந்தும் அது வேர்விட்டு, பின்னாளில் மார்த்தோமா சபையாயிற்று. அங்கும் மலையாளத்தில் வழிபாடுதான். மாற்றத்தை எதிர்த்தார்கள் என்பதை விட, ரெசிடென்டின் மேசையில் கணக்கு வைக்க மறுத்தார்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ரெசிடென்ட் கர்னல் மன்றோ இந்த மிஷனை வரவேற்றதில், ஆங்கில ஆட்சிக்கு நம்பகமான ஒரு சமூகம் வேண்டும் என்ற கணக்கும் இருந்ததே!

தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதற்கு நிகரான ஒரு முடிவு உண்டு. லிவிங்ஸ்டனின் அழைப்பால் புறப்பட்ட பல்கலைக்கழக மிஷன், 1861இல் இன்றைய மலாவியின் மகோமெரோவில் குடியேறியது. அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்டவர்களை மீட்டு அங்கே வைத்தார்கள். பிஷப் மக்கென்சி 1862 ஜனவரியில் காய்ச்சலில் இறந்தார். அடுத்து வந்த பிஷப் டோசர் மிஷனை ஜான்சிபாருக்கு மாற்றிவிட்டார். மீட்கப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் என்ன செய்வது? அவர்களைக் கைவிட மனமில்லாத ஹொரேஸ் வாலர் மிஷனிலிருந்தே விலகினார். அந்தப் பயணத்தின் கடைசி நாட்களில் எனக்குச் சரியாக நடந்துகொண்டவராகத் தெரிவது அவர் ஒருவர்தான்.

கோட்டயத்து மிஷனும் தன் முடிவில் தவறியது என்பதே என் தீர்ப்பு. அதை உதறித்தள்ளிய சபை மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதி முடிக்கும்போது ஒரு விஷயம் கையைப் பிடிக்கிறது. சபை கதவடைத்த பிறகுதான் சி.எம்.எஸ். ஊழியம் சுரியானியரைத் தாண்டிப் பரவலாகச் சென்றது. சுரியானிக் குடும்பத்தில் பிறந்து சி.எம்.எஸ்.இல் குருவான ஜார்ஜ் மாத்தன், மல்லப்பள்ளி அருகே அடிமைப் புலையருக்குப் பள்ளி நடத்தி, 1854இல் அவர்களில் முதலாமவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அரசாணை 1855இல்தான் வந்தது. கோட்டயத்தில் பழைய வீட்டைச் செப்பனிட்ட அந்த இருபது ஆண்டும், அதே வயல்களில் அந்த மக்கள் விலைக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.