டிசம்பர் மடல்களும் காரணம் சொல்லாத ரசனையும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய இசை நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்குள் வராமல் தாமே பதிவுசெய்து தாமே விற்கும் சுயாதீன இசைக்கலைஞர்கள், டிசம்பர் பிறந்ததும் தம்மைப் பின்தொடர்வோருக்கு ஒரு மடல் அனுப்புவது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. மடலின் முற்பாதியில் குழுவின் செய்திகள் இருக்கும்: அடுத்த தொகுப்பின் பதிவு எந்த நிலையில் உள்ளது, வசந்தகாலப் பயணத்தில் எந்தெந்த ஊர்கள் சேர்ந்துள்ளன, டிரம்ஸ் வாசித்தவர் ஏன் விலகினார், மிச்சமுள்ள டி-ஷர்ட்டுகள் என்ன விலை. பிற்பாதியில் கலைஞருக்குப் பிடித்த பருவப் பாடல்கள், அதாவது கிறிஸ்துமஸையும் அதை ஒட்டிய குளிர்காலத்தையும் பாடும் பாடல்கள், பத்தோ பன்னிரண்டோ வரிசையாக வரும். இவ்வழக்கத்தை ஆதரிப்போர், சந்தைக்கு வெளியே நிகழும் கொடை இது என்றும், கலைஞர் தம் ரசனையைத் திறந்து காட்டும் அரிய தருணம் இது என்றும் இரண்டு வாதங்களை முன்வைக்கின்றனர். முதல் வாதம் மிகை, இரண்டாவது பிழை.

மடலின் தேவையை மறுப்பதற்கில்லை. பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுகளுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை கணக்கிடுவதில்லை என்ற நிலையில், கேட்பவரை நேராகச் சென்றடையும் முகவரிப் பட்டியல்தான் சிறிய கலைஞரின் கையிருப்பு. கலைஞர்கள் நேரடியாக விற்பதற்கென 2008 இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப் தளம், மின்வடிவ விற்பனையில் தான் எடுக்கும் 15 விழுக்காட்டை 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் விட்டுக்கொடுத்து வருகிறது. அவற்றில் ஒன்று டிசம்பரின் முதல் வாரத்தில் விழுவதால் மடல்களும் அதை ஒட்டியே குவிகின்றன. பிழைப்புக்கான இக்கணக்கில் குற்றம் காண ஏதுமில்லை. மறக்கப்பட்ட பதிவுகள் சில இப்பட்டியல்களின் வழியே மீண்டும் காதில் விழுகின்றன என்பதும் உண்மைதான்.

ஆனால் ரசனையைத் திறந்து காட்டுவதாகச் சொல்லப்படும் அந்தப் பட்டியலை எடுத்துப் படித்தால், ரசனை எங்கும் தென்படுவதில்லை. ஒவ்வொரு பாடலின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அழகானது, சோகமானது, சிறுவயதை நினைவூட்டுவது, கண்ணைக் கலங்க வைப்பது என்ற நான்கைச் சுற்றியே அவ்வரிகள் வலம் வரும். கேட்பவர் ஒருவர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் குறை சொல்ல முடியாது. தச்சர் ஒருவர் பழைய தேக்கு அலமாரியைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது ஏமாற்றமே, ஏனெனில் ஆணியே இல்லாமல் அதன் மூட்டு எப்படிப் பிடித்து நிற்கிறது என்பதை அவரிடம்தான் கேட்டறிய முடியும்.

ஜோனி மிச்செல் 1971 இல் வெளியிட்ட 'ப்ளூ' தொகுப்பிலுள்ள 'ரிவர்' என்னும் பாடலை எடுத்துக்கொள்ளலாம். இவ்வகைப் பட்டியல்களில் அதற்கு ஏறக்குறைய நிரந்தர இடம் உண்டு. அப்பாடலின் பியானோ முன்னிசை, 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டின் தொடக்கத்தைக் கடன் வாங்குகிறது. குழந்தைகள் கைதட்டிப் பாடும் அந்த மெட்டு இங்கே வேகம் தளர்ந்து வருகிறது. அதன் அடியில் ஒலிக்கும் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள், வேறு பக்கம் திரும்பிவிடுவதால் மெட்டின் துள்ளல் முழுவதும் வடிந்து, விழா வீட்டின் ஓசையைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கேட்பது போன்ற ஓர் உணர்வு எஞ்சுகிறது. ஊரெல்லாம் பண்டிகைக்கு ஆயத்தமாகும்போது ஒருத்தி மட்டும் உறைந்த ஆற்றின்மேல் சறுக்கிக்கொண்டு எங்கேனும் போய்விட ஏங்குகிறாள் என்பதை, அவள் வாய் திறப்பதற்கு முன்பே பியானோ சொல்லிவிடுகிறது. பாடல் முடியும் இடத்தில் அதே மெட்டு மீண்டும் தலைகாட்டுகிறது. பியானோ முன் உட்கார்ந்து பழகிய எந்தக் கலைஞருக்கும் இது விரல்நுனிச் செய்தி, இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடக் கூடியது. மடலிலோ, இப்பாடல் ஆண்டுதோறும் தம்மை உலுக்குவதாக ஒரு வரியும் அதற்குக் கீழே முன்பதிவுக்கான அறிவிப்பும் வருகின்றன.

தொழில் அறிந்தவர் தொழிலைப் பற்றி வாய் திறவாமல் இருக்கும்போது, பட்டியலின் வேலை வேறாகிவிடுகிறது. குழுச் செய்தி என்னும் சரக்கைச் சுற்றிக் கொடுக்கும் வண்ணக் காகிதமாகப் பாடல்கள் பயன்படுகின்றன. இதற்குச் சான்று வேண்டுமெனில், இரு வேறு குழுக்களின் மடல்களிலிருந்து பட்டியல்களை மட்டும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கலாம். பெறுபவருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை. பட்டியலோடு ஒரு பாடலைத் தாமே பாடிப் பதிந்து அனுப்புவோரும் உள்ளனர். அவர்கள் நாடுவது பெரும்பாலும், 1818 இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் சிற்றூரில் முதன்முதலாகக் கிதாருடன் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்' போன்ற பழைய பாடல்களையே. பிறர் பாடலை மறுபதிவு செய்து விற்க, அமெரிக்கச் சட்டப்படி 2006 முதல் 2022 வரை படியொன்றுக்கு 9.1 சென்ட் செலுத்த வேண்டியிருந்தது. காப்புரிமைக் காலம் கடந்த பழம்பாடல்களுக்கு அத்தொல்லை இல்லை. மனம் விரும்புவதும் கட்டணம் இல்லாததும் இத்தனை முறை ஒன்றாக அமைவது தற்செயல்தான் என்றால், பண்டிகைக்கால அற்புதங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொடை என்ற வாதத்துக்குப் பொருத்தமான சான்று இல்லாமலில்லை. அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2001 முதல் கிறிஸ்துமஸ் பாடல்களைச் சிறுதொகுப்புகளாகப் பதிந்து நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்து வந்தார். அவற்றில் ஐந்து, 42 பாடல்களுடன், 2006 இல் ஒரே பெட்டியாக விற்பனைக்கு வந்தன. 2012 இல் வந்த இரண்டாம் பெட்டியில் மேலும் 58 பாடல்கள் இருந்தன. நூறு பாடல்களில் களைய வேண்டியவை உண்டு, விளையாட்டுத்தனம் சில இடங்களில் சலிப்பூட்டவும் செய்கிறது. எனினும் முதற்பெட்டியில் பாடல் வரிகளோடு அவற்றுக்குரிய கார்டுகளும் அச்சாகியிருந்தன. வாங்கியவர் வீட்டிலிருக்கும் கிதாரை எடுத்து அப்பாடலைத் தாமே வாசித்துப் பார்க்கலாம், அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் கைகளாலேயே அறியலாம். பெயர் தெரிந்த சிலருக்கென உருவான கொடை, விற்பனைப் பண்டமாக மாறிய பின்னரும் ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்தது. பல்லாயிரவருக்கு ஒரே நொடியில் போய்ச் சேரும் மடல், ஒவ்வொருவரையும் அன்பு நண்பரே என்று விளித்தாலும், அத்தகைய எதையும் கொடுப்பதில்லை.

குழுச் செய்தியும் பருவப் பாடலும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரைச் சேர்ந்த லோ என்ற குழு, ஸ்லோகோர் எனப்படும், தாளத்தை மிகத் தாழ்த்தி ஒலியை ஒடுக்கிய ராக் பாணிக்குப் பெயர் பெற்றது. கணவன் மனைவியான ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும் அதன் மையமாக இருந்தனர். 1999 இல் அக்குழு வெளியிட்ட எட்டுப் பாடல்கள் கொண்ட 'கிறிஸ்துமஸ்' தொகுப்பின் முதற்பாடலான 'ஜஸ்ட் லைக் கிறிஸ்துமஸ்', உண்மையில் ஒரு பயணச் செய்தி. ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய வழியில் பனி பெய்கிறது, கிறிஸ்துமஸ் போலவே இருக்கிறது என்று ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்கிறார். ஆஸ்லோ வந்தபோது பனி இல்லை, வழி தவறுகிறது, கிடைத்த கட்டில்களும் சிறியவை, அப்போதுதான் அது கிறிஸ்துமஸாகிறது. மெதுவாக இசைப்பதற்குப் பேர்போன குழு இங்கே சலங்கை மணிகளையும் அதிரும் முரசையும் கொண்டு நடையை முடுக்குகிறது. பனிக்காட்சிக்கு எடுப்பான அந்த ஆரவாரம், பனி மறைந்த பின்னும் தளராமல் தொடர்வதால், மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இசையே விடையாகிறது. பயண வழி, ஊர்ப் பெயர், விடுதியின் வசதிக்குறைவு என மடலின் முற்பாதிக்குரிய எல்லாம் இப்பாட்டில் உண்டு. அது கேட்பவரை எதையும் வாங்கச் சொல்லவில்லை.

மடல் ஒரு கட்டுரை அன்று, களைத்த கலைஞரிடம் விளக்கவுரை கேட்பது கொடுமை என்று இதற்கு மறுப்புக் கூறப்படலாம். டி-ஷர்ட்டின் அளவு, நிறம், அனுப்பும் கட்டணம், திருப்பியனுப்பும் விதி ஆகியவற்றை நான்கு பத்திகளில் விளக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, ஒரு பாடலின் இரண்டாம் சரணத்தில் பேஸ் கிதார் ஏன் நின்றுவிடுகிறது என்று எழுத மட்டும் களைப்பு வருவது விந்தை. சோம்பலே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. காரணம் சொன்னால் பட்டியலில் சில பாடல்கள் நிற்காது என்ற அச்சமும், பிறர் பாடலை உற்றுநோக்கும் கண் அடுத்துத் தம் பாடலின் மேல் திரும்பும் என்ற அச்சமும் உள்ளூர இருக்கக்கூடும்.

இம்மடல்களின் மூதாதை என்று சொல்லத்தக்கவை, 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பீட்டில்ஸ் தம் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பிய, காகிதம்போல் வளையும் மெல்லிய இசைத்தட்டுகள். முதல் தட்டில் நால்வரும் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, விளம்பரப் பொறுப்பாளர் டோனி பாரோ எழுதிக்கொடுத்த நன்றியுரையை இடையிடையே கேலிசெய்து, பழைய கிறிஸ்துமஸ் பாட்டொன்றின் சொற்களை மாற்றிப் பாடினர். 1968 ஆம் ஆண்டுத் தட்டுக்கு அவர்கள் தனித்தனியே பேசிப் பதிந்த துண்டுகளை வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். பீட்டில்ஸ் பிரிந்த செய்தி நாளேடுகளில் வந்தது 1970 ஏப்ரலில். தட்டைச் சுழலவிட்டு உற்றுக் கேட்ட உறுப்பினருக்கு, ஒரு குரல் பேசும்போது மற்ற மூவரின் சிரிப்பு எங்கும் கேட்கவில்லை என்பது பதினாறு மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.