மரச்சீனித் தேமல்: கண் பார்வையும் சோதனைக்கூடமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி ஒரு காலத்தில் பஞ்சம் தாங்கிய பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, பல வீடுகளில் மரச்சீனியும் மீனுமே பசியாற்றின. இன்று அது விற்பனைப் பயிர். ஆனால் அதைத் தாக்கும் தேமல் நோயை நாம் கையாளும் விதம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

இலையில் மஞ்சள் திட்டுகள் படர்வதும், இலை சுருங்கிக் கோணுவதும், செடி குட்டையாவதும் இந்நோயின் அடையாளங்கள். இந்திய வகை, இலங்கை வகை என இரண்டு வைரஸ்கள் இதற்குக் காரணம். வெள்ளை ஈ நோயைப் பரப்புகிறது என்றாலும், அதைவிடப் பெரிய வழி நாம் நடும் கம்புதான். நோயுற்ற கம்பில் முளைக்கும் செடி, முதல் இலையிலிருந்தே நோயாளி. அதனால் நட்ட பிறகு வெள்ளை ஈக்கு மருந்தடிப்பதால் பெரிய பயன் கிடைப்பதில்லை. இரகத்தைப் பொறுத்து விளைச்சலில் கால் பங்கு முதல் பாதிக்கு மேலும் போய்விடும்.

உழவர்களின் கையிலுள்ள முதல் ஆயுதம் கண். நோயில்லாத செடியாகப் பார்த்துக் கம்பு எடுப்பது, தேமல் தெரிந்த செடியைப் பிடுங்கி எறிவது. இதற்குக் காசு செலவில்லை, படிப்பும் வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் நோயின் அளவு நிச்சயம் குறையும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதையே செம்மைப்படுத்தி ஒரு நாற்றங்கால் முறையைச் சொல்கிறது. சிறு துண்டுகளை நெருக்கமாக நட்டு, மூன்று வாரங்களில் தேமல் காட்டுபவற்றைக் களைந்து, மிச்சத்தை மட்டும் வயலுக்கு மாற்றுவது அந்த முறை.

ஆனால் கண்ணுக்கு இரண்டு குறைகள் உண்டு. கோடை வெயிலில் தேமல் மங்கிவிடும். வைரஸ் உள்ளே இருந்தும் இலை பச்சையாகத் தெரியும். இதைவிட முக்கியமானது, கம்பு வெட்டும் காலம். எட்டு, பத்து மாதம் கழித்துக் கிழங்கு பறிக்கும்போது அடியிலைகள் எல்லாம் உதிர்ந்து, உச்சியில் ஒரு கொத்துதான் மிஞ்சியிருக்கும். எந்தச் செடி நல்லது என்று அப்போது தேடினால் கிடைக்காது. மூன்றாம் மாதத்திலேயே நல்ல செடிக்குக் கயிறு கட்டி அடையாளம் வைத்தவருக்குத்தான் இந்த முறை பலன் தரும்.

சோதனைக்கூடம் இந்தக் குறையைத் தீர்க்கிறது. எலிசா, பிசிஆர் சோதனைகள், இலையில் அறிகுறியே இல்லாத செடியிலும் வைரஸைக் கண்டுபிடித்துவிடும். செடியின் நுனிக்குருத்தைத் திசு வளர்ப்பில் வளர்த்து நோயற்ற செடியை உண்டாக்கவும் முடியும். ஆனால் ஏக்கருக்குச் சுமார் 5,000 கம்பு நடும் உழவர் எதைச் சோதிப்பார்? சோதனைக்கூடத்திலிருந்து வந்த சுத்தமான செடியும், சுற்றிலும் நோய் வயல் இருந்தால் வெள்ளை ஈயால் மறுபடி நோயாளியாகிவிடும்.

இதே சிக்கலை உருளைக்கிழங்கு எப்படிச் சமாளித்தது என்று பார்க்க வேண்டும். வட இந்தியச் சமவெளியில், வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி குறைந்த மாதங்களில் விதைக்கிழங்கைப் பயிரிட்டு, 100 கூட்டிலைகளுக்கு 20 அசுவினி சேருமுன் செடியின் தலையை வெட்டிவிடுகிறார்கள். விஞ்ஞானி புஷ்கர்நாத் வகுத்த விதை வயல் முறை இது. சோதித்த சில கிழங்குகளிலிருந்து தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி விதை தருகிறார்கள். அந்த ஏற்பாடும் குறையற்றதல்ல. 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு, 2018இல் இமாசலத்தின் விதைக்கிழங்குப் பகுதிகளிலும் இருப்பது தெரிந்து, அங்கிருந்து விதை அனுப்பத் தடை வந்தது. தேடிய நோயை மட்டுமே சோதனை காட்டும்.

மரச்சீனிக்கு அந்த நாட்காட்டி பொருந்தாது. நம் மண்ணில் பயிர் ஏறக்குறைய ஆண்டு முழுக்க நிற்கிறது. வெள்ளை ஈ ஓய்வதுமில்லை. ஆனால் அந்தப் பெருக்க முறை பொருந்தும். ஒரு செடியில் சுமார் பத்துக் கம்பு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், சோதித்த 50 செடிகள் 500 கம்பு தரும். அடுத்த பருவத்தில் அவை 5,000 ஆகும். ஐந்தாயிரத்தைச் சோதிப்பது நடக்காத காரியம்; ஐம்பதைச் சோதிப்பது நடக்கிற காரியம். இடையில் தேமல் காட்டும் செடிகளைக் களைவதற்குக் கண் போதும். சோதனைக்கூடமும் கண்ணும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, அடுத்தடுத்த படிகள்.

எதிர்ப்பு இரகங்கள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். 2006இல் வெளியான ஸ்ரீ பத்மநாபா, பின்னால் வந்த ஸ்ரீ ரக்ஷா போன்றவை தேமலைத் தாங்குகின்றன. சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு மாவுச்சத்து போதும். குமரி வீடுகளுக்கோ கிழங்கு பூவாக வேக வேண்டும், கசக்கக் கூடாது. எதிர்ப்பு இரகங்கள் இந்த அடுப்புச் சோதனையில் தேறும் வரை பழைய இரகங்கள் வயலை விட்டுப் போகப்போவதில்லை. அதுவரை அவற்றின் சுத்தமான கம்புக்கும் ஏற்பாடு வேண்டும்.

திருவிதாங்கூர் தன் தென்கோடி எல்லையைக் காக்க வட்டக்கோட்டையில் டச்சுத் தளபதி டி லனாயை வைத்துக் கருங்கல் மதில் எழுப்பியது. கம்புக்கட்டுகள் ஊர்விட்டு ஊர் போவதற்கு இன்றும் காவல் எதுவும் இல்லை. அதன் விலையை 2015இல் கம்போடியா அறிந்தது. அங்கு காணப்பட்ட இலங்கை வகை வைரஸ், சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து வரை பரவியது.

மாவட்டத் தோட்டக்கலைத் துறை செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. மரச்சீனி விளையும் ஊராட்சிகளில் ஒவ்வொரு கம்பு வயல், அதற்கு ஸ்ரீகாரியத்தில் சோதித்த தாய்ச்செடிகள், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஒவ்வொரு பார்வை. உழவர்களும் அடுத்த முறை கம்பு வாங்குமுன், அது வெட்டிய வயலை இலை நிற்கும்போதே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.