வரைபடத்தில் சேரி எங்கே?

எங்க ஊர் துணைச் சுகாதார நிலையத்தின் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். கோயில், பள்ளிக்கூடம், பால் சொசைட்டி எல்லாம் அதில் உண்டு. ஓடைக்கு இந்தப்புறம் இருக்கிற எங்க தெருவுக்கு 'காலனி' என்று ஒரே ஒரு கட்டம். கிணறு இல்லை, குழாய் இல்லை, வீடும் இல்லை. "நம்ம வீடு எங்கடா இருக்கு?"ன்னு அம்மா கேட்டுச்சு. கட்டத்தைக் காட்டினேன்.

இந்த எரிச்சலோடுதான் டு பாய்ஸ் எழுதிய 'தி பிலடெல்பியா நீக்ரோ' நூலை வாசித்தேன். 1899இல் வந்தது. கறுப்பர்கள் அதிகமாகச் சாவது அவர்களுடைய இனக்குணத்தால் என்று 1896இல் ஹாஃப்மன் என்பவர் புள்ளிவிவரம் அடுக்கியிருந்தார். மனுசன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர். டு பாய்ஸும் சாவுக் கணக்கைத்தான் எடுத்தார். ஆனால் ஏழாவது வார்டிலேயே குடியிருந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, எத்தனை பேருக்கு எத்தனை அறை, கழிப்பறை உண்டா, கூலி என்ன என்று கேட்டு எழுதினார். அப்போது சாவுக்குக் காரணம் ரத்தத்தில் இல்லை, இருட்டறையிலும் சாக்கடையிலும் வறுமையிலும் இருக்கிறது என்று தெரிந்தது.

அவரிடமும் எனக்குச் சண்டை உண்டு. வீடுகளுக்குத் தரம் பிரித்து நிறம் தீட்டிய அவருடைய வரைபடத்தில் கடைசித் தரத்துக்கு 'தீயோர், குற்றவாளிகள்' என்று பெயர். குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கண்ட மண்ணில் நின்று அதை எப்படிச் சும்மா வாசிப்பது? படித்த கறுப்பரின் கண்ணிலும் ஒரு மேட்டுத்தெரு இருக்கத்தான் செய்கிறது.

'கணக்கெடுப்பே அதிகாரத்தின் சூழ்ச்சி' என்று நம்ம தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரே படிவம், ஒரே கேள்வி இருந்தால்தானே ஊரையும் சேரியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2015-16 சுற்றிலிருந்து மாவட்டம் மாவட்டமாகத் தகவல் தருகிறது. சோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் அதில் இருக்கின்றன. ஆனால் மாவட்டத் தாளில் சாதிவாரிப் பிரிப்பு கிடையாது. இந்திய அளவிலான அறிக்கையில் பட்டியல் சாதி என்று தனி வரிசை உண்டு. கலெக்டர் கையில் இருப்பதோ மாவட்டத் தாள். ஊரையும் சேரியையும் கலந்த சராசரியை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

தெருவைக் குறித்தால் 'நோய்த்தெரு' என்று பட்டம் கட்டுவானே என்கிற பயம் எனக்கும் உண்டு. ஏற்கெனவே அதைவிட மோசமான பேரைச் சுமக்கிறோம்.

போன மாதம் நர்சம்மா படிவத்தோடு வந்தாங்க. "தெருப் பேரையும் எழுதுங்கம்மா"ன்னேன். "அதுக்குக் கட்டம் இல்லையே தம்பி"ன்னாங்க. ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாங்க.