பிப்ரவரியை அறியாத செயலி

வீட்டு வரவு செலவு பார்க்க இறக்கிய செயலி கேட்ட முதல் கேள்வி: ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ ஒரே ஒரு கட்டம்தான். அதில் ஓர் எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எங்கள் மலையூரான இத்தலாரில் ஒரு ஏக்கர் தேயிலையை வைத்திருப்பவன் அங்கே எதைப் போடுவான்? போன ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்துவிட்டு, அந்த மாதம் வங்கிக்கு வந்த தொகையையே போட்டேன். ஒன்பது மாதமாக இந்தச் செயலியால் நான் பட்ட பாடெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் தொடங்கியது.

மற்றபடி இது எல்லோருக்கும் தெரிந்த வகைதான். வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்து, செலவை மளிகை, மருந்து, பயணம் என்று பிரித்து, வண்ண வட்டம் போட்டுக் காட்டும். வேகத்தில் குறையில்லை. மழை நாளில் சிக்னல் போய்விட்டால் கணக்கு ஒருநாள் தாமதமாக ஏறும். அது செயலியின் குற்றமில்லை.

ஆனால் அதன் தமிழை மன்னிக்க முடியவில்லை. ‘இருப்பு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘சமநிலை’ என்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பணம் வந்தால் ‘கடன்’ என்று காட்டுகிறது! முதல் இலைப் பணம் ஏறிய அன்று ‘கடன் ரூ.14,880’ என்று திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு, “யாருகிட்டப்பா இவ்வளவு கடன் வாங்கினே?” என்று அம்மா பதறிப்போனார். வரவு, பற்று, இருப்பு ஆகிய மூன்று சொற்களும் மளிகைக் கடைச் சிட்டையில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வீட்டுக்கணக்குக்கென்றே செய்த ஒரு பொருள் அவற்றைத் தேடிக்கூடப் பார்க்காதது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சந்தோஷப்பட்டதும் ஒன்று உண்டு. செப்டம்பரில் ‘ரீசார்ஜ்’ வரிசையை விரித்துப் பார்த்தேன். ஒரே எண்ணுக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை போட்டிருந்தோம். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். வீட்டில் நான்கு போன்கள், ஆக 52. மாதம் ஒன்று என்று 48-ஐ மனதில் வைத்துத்தான் இத்தனை நாளும் செலவு செய்திருக்கிறோம். 30 நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் இருக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அதைத் தேடிப் பார்க்க வைத்தது இந்தச் செயலிதான்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். ஏப்ரல், மே, ஜூனில் செடி கொழுந்தாகத் தள்ளும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இலை கருகும். கவாத்து வெட்டிய பாத்தியில் மூன்று நான்கு மாதத்துக்கு இலையே இல்லை. ஆலைக்குக் கொடுக்கும் இலைக்கு என்ன விலை என்பதும் கொடுக்கும் நாளில் தெரியாது. குன்னூர் ஏலத்தின் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கும். தூள் விற்ற காசில் 65 விழுக்காடு விவசாயிக்கு, 35 ஆலைக்கு என்பது சூத்திரம். பணம் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். அதற்குள் மழையில் நனைந்த இலைக்கு எடைக் கழிவும், உரத்துக்கு வாங்கிய முன்பணமும் பிடித்தாகிவிடும். என் ஜூன் இலை 780 கிலோ, கிலோ 21 ரூபாய். 16,380-இல் உரத்துக்கு 1,500 போக மீதிதான் வங்கிக்கு வந்த 14,880. பிடித்த 1,500 செயலியின் கண்ணில் படவே இல்லை. வாரக் கடைசியில் ரொக்கமாகக் கொடுத்த பறிகூலியும் படவில்லை.

ஜூலையில் அது என்னைப் பாராட்டியது. ‘உங்களிடம் உபரி இருக்கிறது, மாதம் 3,000 முதலீடு செய்யலாம்’ என்று பச்சை நிறத்தில் ஒரு பொத்தானை நீட்டியது. அழுத்தினேன். இலை வந்த வரை முதலீட்டுப் பிடித்தம் ஒழுங்காக நடந்தது. ஜனவரியில் பறித்தது 120 கிலோ. உரம் போகப் பிப்ரவரியில் வந்தது 1,020 ரூபாய். பிடித்தத்துக்கு இருப்பு போதவில்லை. திரும்பியதற்கு வங்கியில் அபராதம் வேறு. செயலி சிவப்பு நிறத்தில், ‘இந்த மாதம் செலவைக் கட்டுப்படுத்தவும்’ என்றது. அந்த மாதம் நாங்கள் புதிதாக ஒரு துணிகூட எடுக்கவில்லை.

ரிசர்வ் வங்கி நிதிக் கல்வி வாரம் நடத்துவதும் அண்மை ஆண்டுகளாகப் பிப்ரவரியில்தான். வரவுக்குள் செலவு, முதலில் சேமிப்பு என்பதெல்லாம் நல்ல பாடம், நானும் நம்புகிறேன். வரவு மாதாமாதம் மாறுகிறவனுக்கு அதற்கு முன்னால் ஒரு பாடம் வேண்டும். அதை அம்மாவின் நோட்டிலிருந்துதான் கற்றேன். அவர் ரூபாயை எழுதுவதே இல்லை. தேதி, கிலோ, பிடித்தம் அவ்வளவுதான். அந்த நோட்டிலுள்ள கிலோவை அந்தந்த மாத விலையால் பெருக்கிப் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டினேன். உரம், பறிகூலி போக 86,400. பன்னிரண்டால் வகுத்தால் 7,200. எங்கள் மாத வருமானம் அதுதான்.

இப்போது செயலியில் ‘ஆலை’ என்று, வங்கியோடு தொடர்பில்லாத ஒரு கணக்கைக் கையால் தொடங்கியிருக்கிறேன். இலை போட்ட அன்றே அதில் வரவு. உரமும் முன்பணமும் அதிலேயே பற்று. வங்கிக்குப் பணம் வந்தால் அது வெறும் கைமாற்றம். கூலி போக 7,200-க்கு மேல் வருவது தபால் நிலையச் சேமிப்புக்குப் போகிறது. இலை இல்லாத மாதத்தில் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். முதலீட்டை 500 ரூபாய்க்குக் குறைத்துவிட்டேன். இதையெல்லாம் செயலியே கேட்டுச் செய்திருக்கவேண்டும். வருமானத்துக்கு ஒரு கட்டத்துக்குப் பதில் பன்னிரண்டு கட்டம் வைத்தால் போதும். மாதச் சம்பளக்காரர்கள் இந்தச் செயலியை அப்படியே இறக்கிப் பயன்படுத்தலாம். தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு என்று வாழ்கிறவர்கள், ‘ஆலை’யோ ‘மண்டி’யோ ஒரு கணக்கைத் தொடங்கிய பிறகே அந்தப் பச்சைப் பொத்தானைத் தொடவேண்டும்.

போன வாரம் 38 கிலோ. அம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ஏற்றினேன். இந்த மாத விலை இன்னும் வரவில்லை. போன மாத விலையைப் போட்டுவைத்திருக்கிறேன்.