சுகர் செருப்புக்கு வந்த புது அழகு

‘சுகர் செருப்பு இருக்கா?’ என்று கேட்டால் போதும், செருப்புக் கடைக்காரர் கடைசி அலமாரியைக் கை காட்டுவார். கறுப்பு அல்லது கருநீலம், அகலமான பட்டை, தடித்த அடி. போட்டுக்கொண்டு போனால் தெருவே நலம் விசாரிக்கும். இப்போது அந்த அலமாரி கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. பழுப்பு, மெரூன், பெண்களுக்கு ஒல்லிப் பட்டை, பித்தளை நிற பக்கிள் என்று எம்.சி.ஆர். செருப்புகள் அழகாகிவிட்டன. நான் வாங்கியது பழுப்பு நிறம், முன்னால் இரண்டு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். விலை ஆயிரம் ரூபாய்க்குள். வெயில் காலத்தில் தொடங்கி மழை வரைக்கும் போட்டுப் பார்த்தாயிற்று.

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த ரப்பர். இதன் கதை வேலூரில் இருக்கிறது. 1946-இல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, மரத்துப்போன காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் என்று எடுத்துக் காட்டினார். அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட இந்த ரப்பர் உதவியது. சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போகும் கால்களுக்கும் இதே கணக்குதான். ஆனால், செருப்பைப் பார்த்தே தொழுநோயைக் கண்டுபிடித்து ஒதுக்கினார்கள் என்பதால், அந்தக் காலத்தில் பலர் இதைப் போடவே கூசினார்கள். நிறமும் பக்கிளும் வெறும் ஃபேஷன் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

‘எம்.சி.ஆர்.’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் எம்.சி.ஆர். ஆகாது. சாதாரண ஃபோமை வைத்து விற்பவர்களும் உண்டு. கட்டைவிரலால் மேல்தளத்தை அழுத்துங்கள். நன்றாக உள்ளே அமுங்கி, விரலை எடுத்ததும் நிமிர வேண்டும். குழி அப்படியே நின்றால் வேண்டாம். அடுத்து, செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, அடியில் அவ்வளவு கெட்டியான ரப்பர் வேண்டும். முள்ளும் ஆணியும் ஏறாமல் காப்பது அதுதான். கட்டுமானத்தில் ஆணி இருக்கவே கூடாது. என் ஜோடி ஒட்டித் தைத்தது. ஓரத்தில் தையல் நேர்த்தி.

காலில் போட்டதும் பஞ்சு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ தரும் துள்ளல் இதில் இல்லை. நெடுநேரம் நின்றபின்தான் அருமை தெரிகிறது. முன்பாதத்தில் வழக்கமாக வரும் எரிச்சல் வரவில்லை. பின்வார் இருப்பதால், செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடிக்கும் வேலை இல்லை. பஸ் படி ஏறும்போது இது பெரிய நிம்மதி. குறைகளும் உண்டு. நனைந்த மார்பிள் தரையில் பிடிப்பு சுமார்தான். பட்டை ரெக்சின் என்பதால் மதியத்தில் வியர்க்கிறது. பட்டைகளின் வெல்க்ரோவில் நூலும் முடியும் சிக்கிக்கொண்டு ஒட்டும் வலு குறைகிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிறது. வேட்டிக்கும் புடவைக்கும் பொருத்தம், ஜீன்ஸுக்கும் பரவாயில்லை. கோட்டு சூட்டுக்கு நினைக்கவே வேண்டாம்.

குதிகால் வலிக்கு மட்டும் வாங்குபவர்கள் யோசியுங்கள். தட்டையான எம்.சி.ஆர். உள்ளங்கால் வளைவைத் தாங்காது. அதற்கு வளைவுள்ள மேல்தளம் கேட்டு வாங்க வேண்டும். காலில் புண் உள்ளவர்களுக்கும் விரல் இழந்தவர்களுக்கும் கடைச் செருப்பே போதாது, மருத்துவமனையில் அளவெடுத்துச் செய்வதுதான் சரி. கால் மரத்தவர்கள் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் மாடலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள். அந்த இடுக்கில் உரசிப் புண்ணானால் தெரியவே தெரியாது.

மற்றபடி, தினசரி நடமாட்டத்துக்கு இந்த விலையில் நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போய், இரண்டு காலிலும் போட்டு நின்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு நடந்துவிட்டு, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.