கலம்காரியும் மஞ்சள் பையும்

திருத்தணி மலையடிவாரத்துக் கடைத்தெருவில் இரண்டு விதமான அச்சுத் துணி கண்ணில் படுகிறது. ஒன்று, கல்யாண வீட்டிலும் ஜவுளிக் கடையிலும் கொடுக்கிற மஞ்சள் பை. அதில் ஒரு பிள்ளையார் அல்லது ஒரு வேல், கீழே மணமக்கள் பெயர், எல்லாம் ஒரே சிவப்பு மையில். இன்னொன்று, ‘கலம்காரி’ என்று சீட்டுக் குத்தி மடித்து வைத்திருக்கும் துப்பட்டாவும் மேஜை விரிப்பும். ரஸிகர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் முன்னதில் வெங்காயம் வாங்கிப் போகிறார்கள். பின்னதைச் சுவரில் மாட்டுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் சுவரில் மாட்டத் தகுந்தது மஞ்சள் பைதான்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. மலிவு விலையில் வருகிற ‘கலம்காரி’யில் பெரும்பகுதி, மஞ்சள் பையைப் போலவே ஸ்கிரீன் அச்சில் பிறந்ததுதான். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை தன் தாய் பெயரைச் சொல்லிக்கொள்கிறது. மற்றது அடுத்த வீட்டுக்காரியைத் தாய் என்கிறது.

அந்தத் தாயின் குணத்தைத் தெரிந்துகொள்ள ஸ்டென்ஸிலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தகட்டிலோ அட்டையிலோ உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக மையைத் தள்ளுவது ஸ்டென்ஸில். சாக்கு மூட்டையிலும் லாரியின் முதுகிலும் பார்க்கிற எழுத்து அப்படி விழுந்ததே. முறை சுலபம், சங்கடம் ஒன்றே ஒன்று. ‘ப’ வெட்டலாம், ‘ட’ வெட்டலாம், ‘ர’ வெட்டலாம். இவை திறந்த மனசுள்ள எழுத்துக்கள். ‘க’ வெட்டிப் பாருங்கள். சுழிக்குள் இருக்கிற சின்னத் துண்டு கீழே உதிர்ந்துவிடும். அச்சில் சுழி அடைபட்டு ஒரு திட்டாக நிற்கும். ‘த’, ‘ம’, ‘ண’ எல்லாவற்றுக்கும் இதே கதி. உள்ளே இருக்கும் தீவு விழாமலிருக்க ஒரு மெல்லிய பாலம் விட்டாகவேண்டும். பாலம் விட்டால் எழுத்தின் கோடு அந்த இடத்தில் அறுந்து தெரியும். மலைமேல் இருக்கிற சுவாமியின் பெயரை வெட்டி முடிப்பதற்குள் கத்தி எத்தனை தரம் நின்று யோசிக்கிறது! எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு எழுத்து இன்னும் வட்டம், இன்னும் யோசனை. புள்ளி ஒன்றுதான் சுகம். பனையோலையில் எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்கத் தயங்கினார்கள். தகட்டிலோ அது ஓர் ஆணியின் வேலை.

எழுத்தாவது பரவாயில்லை. சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் கோடு. அதை வெட்டினால் நடுவில் இருப்பதெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிடும். ஆகையால் சந்தையில் விற்கிற கோலத் தகட்டில் கோடு என்பதே இல்லை. வரிசையாகத் துளைகள்தான் உண்டு. மாவைத் தூவித் தகட்டை எடுத்தால் புள்ளிகள் தெரியும். கோட்டைப் பூர்த்தி செய்வது நம் கண். இந்த யுக்தியை நான் மிகவும் மதிக்கிறேன். கையால் இழுத்த கோலம் மாதிரி இருக்கவேண்டும் என்று அது ஆசைப்படவில்லை. தன்னால் முடியாததை ஒப்புக்கொண்டு, முடிந்ததைக் கொண்டு வேறோர் அழகைச் செய்துவிட்டது. மதுராவில் கிருஷ்ணன் கோயில்களுக்காகக் காகிதம் வெட்டும் ‘ஸாஞ்ஜி’க்காரர்களும் இதையே செய்தார்கள். தீவுகளைத் தாங்கும் பாலங்களையே கொடியாகவும் ஜாலியாகவும் ஆக்கிவிட்டார்கள். எது அலங்காரம், எது முட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜப்பான்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள். துணிக்குச் சாயம் போடும் காகித ஸ்டென்ஸிலில், இரண்டு தாள்களுக்கு நடுவே பட்டு நூலை ஓட்டி, தீவுகளை அந்த நூலிலேயே தொங்கவிட்டார்கள். மையை மறைக்காத அளவு மெல்லிய நூல். நூல் முழுத் துணியாக மாறினால் அதுதான் ஸ்கிரீன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு வலையின்மேல் தீவு எங்கே வேண்டுமானாலும் மிதக்கலாம், பாலமே வேண்டாம். மான்செஸ்டரில் ஸாமுவேல் ஸைமன் என்பவர் 1907-ல் இதற்குப் பேடண்ட் வாங்கினார். ‘க’வின் சுழிக்கு விடுதலை கிடைத்தது அப்போதுதான் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. ஆபீஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒரு காலத்தில் ஓடிய ஸைக்ளோஸ்டைல் தாளுக்கும் ஆதாரம் இதே தத்துவம். மெழுகு பூசிய மெல்லிய நார்த்தாளில் மெழுகு வெட்டுப்படும், நார் தாங்கிக்கொள்ளும். டைப் அடிக்கிறவர் ஓங்கி அடித்தால் இங்கிலீஷ் ‘ஓ’வின் வயிறு விழுந்துவிடும்.

இதை வீட்டிலே செய்துபார்க்கப் பெரிய முதல் வேண்டாம். பூவேலைக்கு உபயோகிக்கும் வளையத்தில் ஆர்கண்டி அல்லது நைலான் துணியை டமாரம் மாதிரி இறுக்கிக் கட்டவேண்டும். சாதாரணத் தாளில் உருவத்தை வெட்டி அடியில் வைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால், மையே தாளை வலையோடு ஒட்டிவிடும். தீவுகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பிரதிகளுக்குப் பிறகு தாள் ஊறித் தளர்ந்துவிடும். வலை இல்லாமல் வெறும் ஸ்டென்ஸில் போதும் என்பவர்களுக்குப் பழைய எக்ஸ்ரே படத்தைவிட உத்தமமான சரக்கு இல்லை. கடைக்காரர்கள் செய்வது வேறு: வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும் பசையை வலையில் பூசி, படத்தை வைத்து வெயில் காட்டி, இறுகாததைத் தண்ணீரில் கழுவி விடுகிறார்கள். பழைய முறைப் பசையில் டைக்ரோமேட் சேரும், அது விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

காகிதம் ஒரு விதமாகவும் துணி ஒரு விதமாகவும் நடந்துகொள்ளும் என்பதுதான் இதில் முதல் பாடம். காகிதம் மையை முகத்தில் ஏந்திக்கொள்கிறது. விளிம்பு கத்தி வெட்டினதுபோல் நிற்கிறது. கஞ்சி போன துணி உறிஞ்சுகிறது; விளிம்பு மெத்தென்று பரவுகிறது. அடியில் கம்பளி மடித்துப் போட்டால் துணி சரியாகப் பதியும். காகிதத்துக்கு அதே கம்பளி சத்துரு. ஆகவே காகிதத்தில் அழகாக விழுந்த மெல்லிய கோட்டைத் துணிக்கு அப்படியே மாற்றுகிறவன் ஏமாந்துபோவான். துணிக்குத் தடித்த உருவம் வேண்டும்; தட்டையான நிறம் வேண்டும்.

மஞ்சள் பைக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரே மை, தடித்த எழுத்து, நிழல் கிடையாது, நெளிவு கிடையாது. துணி கோராவாக இருப்பதால் எழுத்தின் ஓரம் கொஞ்சம் சொரசொரக்கிறது. அந்தச் சொரசொரப்பு எழுத்துக்கு உரம் கொடுக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசாங்கமே இயக்கம் ஆரம்பித்த பிறகு, பைக்குச் சற்று கௌரவம் கூடியிருக்கிறது. புதிய பைகள் சிலவற்றில் நாலு வர்ணத்தில் பூந்தோட்டமே வைத்திருக்கிறார்கள். எனக்குப் பழையதே பிடிக்கிறது.

கைவேலை என்றால் கோணலாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஒரு கூட்டமும் இப்போது தோன்றியிருக்கிறது. வேண்டுமென்றே மையைத் திட்டுத் திட்டாக விடுகிறார்கள். ஒரு நிறத்தின்மேல் மறுநிறத்தை நகர்த்திப் போடுகிறார்கள். கேட்டால் அமெரிக்காவின் ஆண்டி வார்ஹாலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வார்ஹால் 1962-ல் சினிமா நடிகையின் புகைப்படத்தை ஸ்கிரீனில் திரும்பத் திரும்ப அச்சிட்டபோது, மை சில இடத்தில் அப்பியும் சில இடத்தில் வறண்டும் விழுந்தது உண்மை. ஆனால் அவர் சொல்ல வந்த விஷயமே அந்தத் திரும்பத் திரும்ப வருதல்தான். ஒரே முகம் அச்சில் ஏற ஏறத் தேய்ந்துபோவது அங்கே கதை. கதை இல்லாமல் தேய்மானத்தை மட்டும் கடன் வாங்கி என்ன பிரயோஜனம்?

இனி ‘கலம்காரி’க்கு வருவோம். திருத்தணியில் ரயிலேறி ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் காளஹஸ்தி. அங்கே கலம் என்பது பெயரில் மட்டும் இல்லை. மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூலைச் சுற்றியிருப்பார்கள். அதைப் பிழிந்து பிழிந்து எழுதவேண்டும். துணியை முதலில் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். இரும்புத் துண்டும் வெல்லமும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறிய நீர், கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுத்துவிடுகிறது. சிவப்பு இன்னும் விசித்திரம். எழுதுவது படிகார நீர். எழுதும்போது அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது. பிறகு சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அப்புறம் ஓடுகிற தண்ணீரில் அலசவேண்டும். காளஹஸ்தியில் அதற்குச் சுவர்ணமுகி ஆறு. ஒரு ராமாயணத் திரை முடிய நாள் அல்ல, மாதம் போகும். நலிந்துபோயிருந்த இந்தத் தொழிலுக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றவர்களின் முயற்சியால் 1950-களில் அங்கே பயிற்சிக்கூடம் வந்தது. பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் துணியைப் புகைப்படமெடுத்து, அதன் கோட்டின் நடுக்கத்தைக்கூட விடாமல் ஸ்கிரீனில் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் ஒரு பீஸ் துணியை நிரப்பிவிடலாம். அந்த நடுக்கம் யாருடைய கையினுடையது? கூலி பெறாமல் உழைக்கிற ஒரு கை அங்கே இருக்கிறது. எழுதினவர் தம் துணிக்கு விலை சொல்லும்போது, ‘இதே டிசைன் கீழே பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறதே!’ என்கிற பேச்சை அவர்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

ஏழைகள் கட்டிக்கொள்ளக்கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலம் இல்லாத துணியும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறதே என்றும் கேட்கலாம். மசூலிப்பட்டணத்தை அடுத்த பெடனாவில் மரக்கட்டை அச்சுக்கும் கலம்காரி என்றே பெயர். ஆனால் பெடனாக்காரர்கள் கட்டைக்கு ஏற்ற பூவையும் கொடியையும் கட்டைக்கு ஏற்றபடி அமைத்தார்கள். கடுக்காயும் படிகாரமும் அங்கேயும் உண்டு. கட்டை கலமாக நடிக்கவில்லை. ஸ்கிரீன்காரரும் மலிவாக அச்சிடட்டும், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வேல், மயில், மலைப்படி, நகரியிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறியில் ஓடுகிற கட்டம் என்று தடித்த உருவங்களுக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை. சீட்டில் ‘ஸ்கிரீன் அச்சு’ என்று எழுதுவதற்கு மை அதிகம் செலவாகாது.

அதுவரை வாங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். துணியைப் புரட்டிப் பாருங்கள். காளஹஸ்திச் சாயம் நூலுக்குள் இறங்கி மறுபக்கமும் தெரியும், ஸ்கிரீனின் பிக்மெண்ட் மை பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருக்கும். அது போதாதென்றால் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு அதன் ஜோடியைத் தேடுங்கள். இரண்டு இலையிலும் கோடு ஒரே இடத்தில் தடித்து, ஒரே இடத்தில் பிசகியிருந்தால் அது கை எழுதியதல்ல. கை பிசகும், அதே இடத்தில் இரண்டு தரம் பிசகாது. தொடர்கதை எழுதுகிற எங்களில் சிலருக்கும் இந்தச் சோதனை பொருந்தும். அதை வேறொரு சமயம் பார்க்கலாம்.